இரண்டாவது பொத்தான்

எடுத்த படத்தை அழிக்க அந்தக் கேமராவில் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். முதல் பொத்தானில் குப்பைக்கூடைப் படம் போட்டிருக்கும். அதை அழுத்தினால், அழிக்கலாமா வேண்டாமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். அழிக்கலாம் என்பதற்கு இரண்டாவது பொத்தான். முதல் பொத்தானைப் படம் எடுத்த அக்கா அழுத்துவார். இரண்டாவதைப் படத்தில் இருப்பவர்தான் அழுத்த வேண்டும். மேனேஜரானாலும் கொழுந்து பறிப்பவரானாலும் இதுதான் முறை. எஸ்டேட்டில் பாதிப் பேருக்குக் கேமராவில் படம் எடுக்கத் தெரியாது. ஆனால் அழிக்கத் தெரியும்.

இத்தலாரைத் தாண்டி அவலாஞ்சி போகும் வழியில் இருந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். அவர் அங்கே ஆபீசில் செக்ரோல் கிளார்க். யார் யார் வேலைக்கு வந்தார்கள், ஆளுக்கு எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்று தினமும் பதிவது அவர் வேலை. நான் பாக்டரியில் ஸ்டோர் கீப்பர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஒன்பது ஆண்டுகள், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ்.

குள்ளமான உருவம். பழுப்பு நிற ஸ்வெட்டரை சேலைக்கு மேல் போட்டு, பித்தான்களை ஒன்றுவிட்டு ஒன்றுதான் மாட்டுவார். சிலோன் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போது பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, படித்து, ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவர். கணவர் இல்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகன்.

கேமரா அவர் கைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. தொழிலாளர்கள் எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்று கம்பெனி ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை அனுப்பியிருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், எல்லோர் பெயரும் தெரிந்தவர் என்பதால் மேனேஜர் இவரிடம் கொடுத்தார். பாக்டரியின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி முதல் நாளில் அறுபது பேரை எடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அறுபது முகமும் கரி.

"என்ன மேடம், எல்லாரையும் பேக்கரி அடுப்புக்குள்ள வச்சு எடுத்தீங்களா?" என்றார் மேனேஜர்.

மாலையில் அக்கா என் வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியை வாங்கிக்கொண்டு போனார். கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தை அதை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அகராதி ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அடையாளத்துக்கு அவர் வைத்த தையல் நூல்கள் அதில் இன்னும் இருக்கின்றன.

"இதுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது தம்பி," என்றார் அகராதியை நீட்டியபடி. "எதைக் காட்டினாலும் நடுவாந்தரமா சாம்பலாக்கத்தான் பாக்கும். வெள்ளச் செவுரு பளிச்சுன்னு இருந்துச்சுல்ல, ஐயோ வெளிச்சம் ஜாஸ்தியாப் போச்சேன்னு நெனச்சு எல்லாத்தையும் கொறச்சிருச்சு. செவுரு சாம்பலாச்சு. மூஞ்சி கரியாச்சு."

"அப்போ அதுக்குப் புத்தி இல்லீங்களா?"

"கணக்கு இருக்கு. புத்தி நம்மதான் குடுக்கணும்."

மறுபடி எடுத்தபோது சுவரில் ஒரு சாம்பல் நிறக் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டார். வெயிலில் நிறுத்தாமல் கூரை நிழலில் நிறுத்தினார். அன்றுதான் அந்த இரண்டாவது பொத்தான் வழக்கமும் தொடங்கியது. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டினார். அந்த அம்மா மூக்கின்மேல் விரல் வைத்தார்.

"இது நானில்ல. எங்க மாமியா. செத்தும் என்னைய விடல பாரேன். அழிங்க அக்கா, எங்க மாமியா மூஞ்சிய கழுத்துல மாட்டிக்கிட்டு நான் திரிய மாட்டேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் ஜன்னலைத் திறந்தார். "மேடம், கார்டுக்குத்தானே எடுக்கறீங்க? கல்யாணத்துக்கா?"

"கழுத்துல மாட்டிக்கிட்டு அவங்கதான சார் திரியணும்," என்றார் இவர். கேமராவை அந்த அம்மாவிடம் நீட்டினார். "இந்தா புள்ள, நீயே அழுத்து. நான் அழிச்சேன்னு இருக்கக் கூடாது."

அந்த அம்மா ஏழு படங்களை அழித்து எட்டாவதை ஏற்றுக்கொண்டார். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு நாள் ஆனது. ஆனால் அந்த எஸ்டேட்டில் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அழிக்கச் சொன்னால் ஒரே ஒரு தடவை கேட்பார்: "நெசமாவா?" இரண்டாம் தடவை கேட்க மாட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. அவராகவே ஒரு முறை, பாக்டரிக்கு வந்து டீத்தூள் வாசனையில் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னார். கப்பலேறுமுன் குடும்பத்தோடு ஒரே ஒரு படம் எடுத்தார்களாம், பயணக் காகிதத்தில் ஒட்டுவதற்கு. படம்பிடிக்கிறவர் திரும்பு என்று அதட்டிய நேரத்தில் அவருடைய அம்மா பயந்து கண்ணை இறுக்கி மூடிவிட்டார். இன்னொன்று எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. "எங்கம்மாவுக்குச் சாகற வரைக்கும் அந்தப் படம் புடிக்கல. குருடி மாதிரி இருக்கேம்பாங்க. ஆனா அவங்களோட படம்னு ஒலகத்துல இருக்கறது அது ஒண்ணுதான்." அதைத் தன் வீட்டில் அவர் மாட்டவில்லை. என்னிடமும் காட்டியதில்லை.

கம்பெனிக் கேமரா திரும்பிப் போனதும், குன்னூரில் ஒருவரிடம் பழைய பெரிய கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். லென்ஸைக் கழற்றி மாட்டும் வகை. நீலகிரி ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று யாரோ சொல்ல, ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் சின்ன பல்பு ஒன்றைப் பொருத்தி, அந்தச் சூட்டில்தான் கேமராவை வைத்திருப்பார். லீவுக்கு வந்த மகன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "அம்மா, கேமராவ வெளிய வச்சிட்டு என்னைய அந்த டின்னுக்குள்ள வைங்க" என்பான்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. முதல் உறைபனி விழுந்த நாள், பாலம் உடைந்த நாள், மலையிலிருந்து எந்தக் கல் எப்போது உருண்டது என்று எழுதி வைப்பேன். அவற்றுக்குப் படம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று அவரைக் கேட்டேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து சுற்றினோம். அவர் படம் எடுப்பார். நான் நாளும் நேரமும் எழுதுவேன். கேமராவின் மெமரி கார்டு நிறைந்ததும் அதை ஒரு காகித உறையில் போட்டு வைப்பார். உறைமேல் தேதி எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான்.

அந்த நடைகளில்தான் கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குச் சொன்னார். நான் நூலகத்தில் மூன்று புத்தகங்கள் வாசித்தும் பிடிபடாதது, அவர் சொன்னபோது விளங்கியது.

"உள்ளுக்குள்ள ஒரு சின்னத் தகடு இருக்கு தம்பி. அது மேல லட்சக்கணக்குல கூடை வச்சிருக்குன்னு நெனச்சுக்குங்க. ஷட்டர் தெறக்கறதுதான் காலைச் சங்கு. மூடறது சாயங்காலச் சங்கு. நடுவுல எந்தக் கூடையில எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சோ, அத்தனையும் எடை போட்டு எழுதிக்குது. நம்ம செக்ரோல்தான். அந்தக் கணக்குத்தான் படம்."

"கலர் எப்படீங்கக்கா வருது?"

"கூடைக்குக் கலர் தெரியாது. அதனால ஒவ்வொரு கூடைக்கு மேலயும் ஒரு கலர்க் கண்ணாடி. செவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு, பச்சைக்கு மட்டும் ரெண்டு. மனுசன் கண்ணு பச்சையத்தான் நல்லாப் பாக்குமாம்." அவர் சுற்றிலும் இருந்த தேயிலையைப் பார்த்தார். "நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

லென்ஸுக்குள் இருக்கும் துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் முகம் மட்டும் தெளிந்து பின்னால் இருப்பது கரைந்துவிடும். சின்னதாக்கினால் மலை வரைக்கும் தெளியும், ஆனால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும், கை ஆடினால் படம் போச்சு. மூடுபனியைத்தான் அவர் மிகவும் விரும்பினார். ஊட்டிக்கு வருகிறவர்கள் வெயிலுக்காகக் காத்திருப்பார்கள். இவர் மேகம் இறங்கக் காத்திருப்பார். மூடுபனியில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், முகத்தில் நிழலே விழாது என்பார். கேமரா மட்டும் பனியைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். அதனால் அதன் கணக்குக்கு மேல் கொஞ்சம் வெளிச்சத்தைக் கையால் கூட்டி வைப்பார்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னைவிட ஏழு வயது சின்னவள். எனக்கும் திருமணம் அமையவில்லை. அவளும் நானும்தான் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பதினாறு வயதில் அவளுக்கு உதட்டோரத்தில் வெண்புள்ளி வந்தது. பிறகு தாடை, கழுத்து. தொற்றுகிற நோயில்லை, வலியில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்குப் படம் எடுத்தபோது, ஸ்டுடியோக்காரர் தூரிகையால் வெள்ளையையெல்லாம் தீட்டி மறைத்துக் கொடுத்துவிட்டார். அப்போது உயிரோடிருந்த எங்கள் அப்பாவும் வாங்கி அனுப்பிவிட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏழு பேர் பெண் பார்க்க வந்தார்கள். தங்கை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, எங்கள் அப்பாவிடம் திரும்பி, "போட்டோவுல இருக்கற பொண்ணு எங்கீங்க?" என்று கேட்டார்.

காப்பியை யாரும் எடுக்கவில்லை. அவளே தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பின் எந்தக் கேமராவுக்கும் அவள் முகம் காட்டவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்ததில்கூடச் சேலைத் தலைப்பு வாயோரத்தை மறைத்திருக்கும். தெருவில் நடக்கும்போதும் இடது கை தலைப்பைப் பிடித்தபடியே இருக்கும். ஆனால் பேச்சில் ஒளிவுமறைவே கிடையாது. என்னைப் பற்றி அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் இருவரும் நெருக்கமாக இருந்தார்கள். ஆனாலும் ஆறு ஆண்டுகள் அவர் என் தங்கையை நோக்கிக் கேமராவைத் தூக்கியதே இல்லை. எடுக்கட்டுமா என்றுகூடக் கேட்டதில்லை.

ஒரு ஆவணி மாதம், புதன்கிழமை, எஸ்டேட்டுக்கு லீவு. காலையில் ஆட்கள் கூடி பேர் கொடுக்கும் பழைய மஸ்டர் கொட்டகையை மறுநாள் பிரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் படமெடுக்கப் போனோம். தங்கை பிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பதினோரு மணிக்கு மேல் அவலாஞ்சிப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. கொட்டகை பாதி மறைந்து, திரும்பத் தெரிந்து, மறுபடி மறைந்தது. அந்த நேரங்களை நான் எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்குத் தூண் மறைந்தது, எத்தனை மணிக்குத் திரும்பத் தெரிந்தது என்று. பின்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. தங்கை ஏதோ சொல்லிச் சிரித்தாள். கேமராவின் ஓசை ஒரு முறை கேட்டது.

நான் எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் கேமராவைக் கையில் வாங்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு தோளில் கிடந்தது. அப்படி அவள் வீட்டுக்கு வெளியே நின்று நான் பார்த்ததில்லை.

"உன்னைய எடுத்தாங்களா? காட்டு," என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்ண்ணா? நீங்க மணி எழுதுங்க."

"ஏன்ம்மா, ஒரு தடவை பாக்கறேனே."

அவள் கேமராவை நெஞ்சோடு அணைத்துத் திரும்பிக்கொண்டாள். "எடுத்தது தப்புங்களாம்மா?" என்று அவர் கேட்டார். கேட்காமல் ஒருவரை அவர் எடுத்தது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

"இல்லீங்கக்கா. நல்லாத்தானுங்க இருக்கு. நான் இப்படித்தான் இருப்பனாட்ட இருக்குது." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாத்துட்டேனுங்க. போதும். அழிச்சுப்போடலாம்."

"நெசமாவா?"

"ஆமாங்கக்கா. இல்லீனா எங்கண்ணன் இதை எடுத்துக்கிட்டு ஊரு பூராக் காட்டுவாரு. எனக்கு இன்னொருக்கா யாரும் போட்டோவையும் என்னையும் ஒத்துப் பாக்க வேண்டாங்க."

அவர் முதல் பொத்தானை அழுத்தினார். தங்கை இரண்டாவதை அழுத்தினாள். பிறகு மூன்று பேரும் காப்பி குடித்தோம். எனக்கு ஊற்றியிருந்த காப்பி ஆறிப்போயிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, தை மாதத்தில், காய்ச்சல் என்று படுத்த தங்கை பதினோராம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்து வீட்டில் கிடத்தியபோது அவர்தான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

காரியத்துக்குப் படம் வேண்டுமென்றார்கள். ரேஷன் கார்டுப் படத்தை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் உற்சாகமாகச் சட்டத்தை எடுத்து நீட்டினான். "முகத்தையெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன் சார். சேலைய எடுத்துட்டு வாயும் வரைஞ்சுட்டேன். எக்ஸ்ட்ரா காசு எதுவும் வேண்டாம்." வெள்ளை இல்லாத கழுத்து. யாருடையதோ ஒரு வாய். மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிய அதே பெண். வாங்கி வந்து, மாலை போட்டு, பதினாறாம் நாள் முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

அதன்பின் ஒன்று நடக்கத் தொடங்கியது. தங்கையை நினைத்தால் முதலில் அந்தச் சட்டத்துப் பெண்தான் வந்தாள். அவளை விலக்கிவிட்டு என் தங்கையைக் கொண்டுவர நேரம் பிடித்தது. வாரத்துக்கு வாரம் அந்த நேரம் கூடியது. சுவரைப் பார்த்திருக்கும் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து, அவள் சிரித்தால் எந்தப் பக்கம் முதலில் விரியும் என்று யோசித்து யோசித்துத் தோற்றேன்.

மாசிக் கடைசியில் நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தில் அதைப் படித்தேன். கார்டில் ஒரு படத்தை அழித்தால் படம் அழிவதில்லை. படம் இங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பை மட்டும்தான் கேமரா அடிக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று வந்து விழும் வரை பழைய படம் அப்படியே கிடக்கும். மீட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. இதை நான் நின்றபடியே நான்கு முறை படித்தேன். அன்று மாலை நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "தெரியும் தம்பி," என்றார்.

"தெரியுங்களா? அப்போ அந்தக் கார்டு இருக்குங்களா?"

"இருக்கு."

உறைகளில் நான் சொன்ன தேதியைத் தேடி எடுத்தார். மகன் வாங்கிக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் கார்டைச் செருகினார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் கொட்டகை வந்தது. தூண்கள் வந்தன. படங்களுக்குக் கேமரா வரிசையாக எண் போட்டிருந்தது. நூற்று எண்பத்தேழு, கொட்டகையின் கூரை. அதற்கடுத்தது நூற்று எண்பத்தொன்பது. நடுவில் இருந்த எண் இல்லை. அந்த இடத்தை விரலால் தொட்டேன்.

"கீழ போங்க தம்பி," என்றார்.

நூற்று எண்பத்தொன்பது வெள்ளை. நூற்றுத் தொண்ணூறு வெள்ளை. அடுத்தது வெள்ளை. அவர் வீட்டு வாசலிலிருந்து எடுத்த மூடுபனி. மரமில்லை, வேலியில்லை, வெறும் மூடுபனி. திரையை உருட்டிக்கொண்டே போனேன். அன்று மதியம் இரண்டு மணியிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி வரை, கார்டில் ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் மூடுபனியை எடுத்து நிரப்பியிருந்தார்.

"அழிச்சாச்சுன்னு ஒருத்தருக்குச் சொல்லிட்டா அது அழிஞ்சிருக்கணும்ல தம்பி. அந்தப் புத்தகத்துல இருக்கறத நான் மொதல்லயே படிச்சிட்டேன். அதுலேருந்து எல்லாக் கார்டுலயும் இப்படித்தான். அவங்கவங்க பொத்தான அழுத்திட்டுப் போயிருவாங்க. மிச்ச வேலை என்னுது."

"இது என் தங்கச்சிங்கக்கா."

"ஆமா."

"உங்களை யாருங்க இதைச் செய்யச் சொன்னாங்க?"

"அவங்கதான் சொன்னாங்க."

நான் எழுந்தேன். சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "உங்கம்மா படத்தை மட்டும் பத்திரமா வச்சிருக்கீங்களே. அவங்களுக்கும் அது புடிக்கலையே, அதை ஏன் அழிக்கலை?"

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நூற்றுப் பதினாறு நாள் நாங்கள் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். பாக்டரியில் எதிரே வந்தால் அவர் நிற்பார். நான் கையில் இருக்கும் ரிஜிஸ்தரைப் பார்த்தபடி கடந்துவிடுவேன். என் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு முறை காப்பித்தூள் டப்பா வைக்கப்பட்டிருந்தது. இரண்டு முறையும் திருப்பி அவர் வாசலில் வைத்தேன்.

இப்போது நான் ஊட்டி காந்தலில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். ரிட்டயரானதும் அக்கா மகனிடம் போனார்; திருப்பூரில் அந்த மகன் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. போகும்போது அக்கா கொடுத்த நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கிறது. எடுப்பவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். இரண்டு முறை திருப்பூருக்குப் போய் விசாரித்தேன். மூடுபனி இறங்கும் நாட்களில் ஜன்னல் பக்கம் நிற்கும்போது அக்காவிடம் சொல்ல வேண்டியவை எனக்கு வரிசையாக வருகின்றன. அந்த டப்பாக்களைத் திருப்பி வைத்ததிலிருந்து தொடங்குகின்றன.

அவர் ரிட்டயராகி எஸ்டேட்டை விட்டுப் போனது ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சாமான்களை ஏற்றிய சின்ன லாரி குவார்ட்டர்ஸ் முன்னால் நின்றது. ஊரே வழியனுப்பிவிட்டுக் கலைந்திருந்தது. அவர் முன் சீட்டில் ஏறி, பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் என்னையறியாமல் செருப்பில்லாமல் ஓடினேன்.

"வந்துட்டீங்களா தம்பி," என்றார், நேற்றுப் பேசிப் பிரிந்தவர் போல.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "அது எப்படி இருந்துச்சுங்கக்கா? அந்தப் படம். எனக்கு அவ மொகம் வர மாட்டேங்குதுங்க."

அவர் டின் மூடியைத் தடவினார்.

"அவங்க அழிக்கச் சொன்னது படத்த. நான் பாத்தத இல்ல," என்றார். பிறகு சொன்னார்.

"மேகம் நல்லா எறங்கியிருந்துச்சு. மூஞ்சியில நெழலே இல்ல. பிளாஸ்க் மூடியில காப்பிய ஊத்தி ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாங்க. அதனாலதான் சேலை விழுந்துச்சு, புடிக்கக் கையில்ல. விழுந்தத அவங்க கவனிக்கல. வாயோரத்துல வெள்ள அப்படியே இருந்துச்சு. சிரிக்கையில அது எடது கன்னம் வரைக்கும் விரிஞ்சு, அங்கயிருந்து சிரிப்பு வலது பக்கம் வந்துச்சு. மேல்பல்லு ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கும்ல."

"ஆமாங்க. எடது பக்கம்."

"அது தெரிஞ்சுச்சு. கண்ணு ரெண்டும் சுருங்கிப்போயி, கோடாட்டம். ஆனா என்னையப் பாக்கல."

"வேற யாரைங்க?"

"உங்களத்தான். காப்பி ஆறுதுன்னு ரெண்டு தரம் கூப்புட்டாங்க. நீங்க குனிஞ்சுக்கிட்டே இரும்மா இரும்மான்னீங்க. 'பாருங்கக்கா, எங்கண்ணன் மேகத்துக்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டுத்தான் காப்பி குடிப்பாரு'ன்னு சொல்லிட்டு உங்களப் பாத்தாங்க. அப்ப வந்த சிரிப்புதான் அது. நான் பொத்தான அழுத்தணும்னு நெனைக்கக் கூட இல்ல தம்பி. கை தானா அழுத்திருச்சு."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, மழை புடிச்சிரும். குன்னூர்ப் பக்கம் ரோடு சரியில்லீங்க. போலாமுங்களா?"

நான் லாரிக் கதவைப் பிடித்திருந்தேன். "இன்னொருக்கா சொல்லுங்கக்கா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டின்னை சீட்டில் வைத்தார். ஒரு கையால் கதவைத் திறந்து, மெதுவாகக் கீழே இறங்கி, டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் நின்றுகொண்டு, "மேகம் நல்லா எறங்கியிருந்துச்சு," என்று முதலிலிருந்து தொடங்கினார்.